மேல் விளக்கு

ஆஸ்பத்திரிச் சந்தியில் ஓட்டோவை நிறுத்துகிறான் கஜீபன்.
எந்த விளக்கு எரிகிறதென்று
பின்னாலிருந்து நான் சொல்லத் தேவையில்லை.
எனக்கு ஏழாம் மாதம். மடியில் கிளினிக் கொப்பி.
பெடியன்தான் என்று ஸ்கானில் சொல்லிவிட்டார்கள்.

இதே ஆஸ்பத்திரியின் கண் பகுதியில்
ஆறு வருசத்துக்கு முன்
இவனுக்கு முன்னால் ஒரு புத்தகத்தை விரித்தார்கள்.
பக்கம் நிறையப் புள்ளிகள்,
சுளகிலிருந்து கொட்டுண்ட பயறும் கடலையும் மாதிரி.
என்ன இலக்கம் தெரியுது?
ஒண்டும் தெரியேல்லை.
வடிவாப் பாரும்.
வடிவாத்தான் பாக்கிறன் மிஸ்.

பின்னால் நின்ற எனக்குத் தெரிந்தது,
எழுபத்துநாலு.
அவன் முதுகில் விரலால் எழுதியிருக்கலாம்.
எழுதவில்லை.

ரயிலில் உதவிச் சாரதி வேலை அது.
அதற்கு முன் கேட்டுப்போன கடைகளில், கந்தோர்களில்
எவடம் தம்பி என்பார்கள்.
சொன்னால், குளத்துக்கு இந்தப் பக்கமோ
அந்தப் பக்கமோ என்பார்கள்.
இரண்டாம் பதிலில்
அவர்களுக்கு எங்கள் முகத்தில் ஓர் இலக்கம் தெரிந்துவிடும்.
எந்தப் புள்ளிகளைக் கோத்து வாசிக்கிறார்களோ,
கண்ணாடியில் எவ்வளவு நேரம் நின்றும்
நான் கண்டதில்லை.
அறிவிக்கிறம் என்பார்கள்.

ரயில் அப்படிக் கேட்காது என்றுதான்
அவன் நம்பியிருந்தான்.
கேட்கவுமில்லை.
சிவப்பு எது பச்சை எது என்று மட்டும் கேட்டது.

அன்றிரவு அம்மா உலை வைக்கவில்லை.
என்னாலதான் என்றாள்,
களவு பிடிபட்டவளைப்போல.
அவளுடைய அப்பு, கமக்காரரின் தோட்டத்தில்
மிளகாய்ப் பழம் பிடுங்கப் போய்
காயும் பழமுமாய்க் கடகம் நிரப்பினவராம்.
அரை நாட்கூலி வெட்டு.
உங்கட ஆக்களின்ர புத்தி இப்பிடித்தானே
என்றாராம் கமக்காரர்.
கண் என்று ஒருவரும் சொல்லவில்லை.
அப்புவுக்கே தெரியாது.
தான் கள்ள வேலை செய்கிறவன் என்று
அவரும் நம்பிக்கொண்டே செத்தார்.

அவர் கண்ணை அம்மா தன் கண்ணில் காட்டாமல் சுமந்து
தம்பியிடம் இறக்கி வைத்தாள்.
என்னிடமும் வைத்தாளோ என்னவோ.
பாதிக்குப் பாதி என்றா மிஸ்,
காசு சுண்டுகிற மாதிரி.

இன்னொன்றையும் சொல்லவேணும்.
அதே காலமை, அதே வாங்கில்,
எங்களுக்கு முன் இருந்தவன் மயூரேசன்.
அந்தக் கமக்காரரின் பூட்டன்.
அவனுக்கும் அந்தப் பக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை.
அவன்ர அம்மா சிரித்தா: அதுதானே
சேட்டும் காற்சட்டையும் ஒத்துவராமப் போடுறவன்!
பிறகு அவன் லண்டனில் கணக்கியல் படித்தான்.
கணக்குத் தாள் வெள்ளை, எழுத்துக் கறுப்பு.
அவனுக்கு அந்தக் கண்
கலியாண வீட்டில் சொல்லிச் சிரிக்க ஒரு கதை.
அவனில் எனக்குக் கோவமில்லை.
கொஞ்சம் இருக்கிறது.

விளக்கு இன்னும் மாறவில்லை.
எப்பிடியடா கண்டுபிடிக்கிறாய் என்கிறேன்.
மேல எரிஞ்சா நிக்கோணும்,
கீழ எரிஞ்சாப் போகலாம்.
நிறம் எதுக்கு? எது மேல, எது கீழ எண்டு
எங்களுக்குத் தெரியாததே அக்கா?
சொல்லிவிட்டுத் தானே சிரிக்கிறான்.
பின்னால் ஒரு வான்காரன் ஹோர்ன் அடிக்கிறான்.
ஓட்டோ உலுக்கி எழும்ப
உள்ளே இருப்பவன் காலால் உதைக்கிறான்.

கொப்பியை நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கிறேன்.
இரத்த வகை, சீனி, இரும்புச்சத்து,
எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறது.
முகவரியில் வீதியின் பெயர் மட்டும்.
ஒழுங்கையின் பெயரை
நான்தான் எழுதாமல் விட்டேன்.